சாம்பல்னா எந்தச் சாம்பல்? கோழி நிறப் பேரும் வம்சமும்

வணக்கம் உறவுகளே. காலையில கூண்டு தொறந்து விட்ட கையோட கேமராவை வச்சுட்டேன். பின்னாடி சத்தம் கொஞ்சம் அதிகமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க. இப்பத்தான் கம்பு போட்டிருக்கேன், அடங்க நேரமாகும்.

இதோ, என் கையில இருக்கற வெடையை, அதான் இன்னும் முட்டைக்கு வராத இளம் பெட்டையைப் பாருங்க. அஞ்சு மாசக் குட்டி. இது என்ன நிறம்னு கேட்டா, பாக்கற எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்வாங்க: சாம்பல். நானும் அப்படித்தான் சொல்லுவேன். ஆனா இந்த ஒரு வார்த்தையை நம்பி மூணு வருஷம் முன்னாடி ஒரு நல்ல தாய்க்கோழியை இழந்திருக்கேன். அந்தக் கதையோடயே ஆரம்பிச்சிடறேன், ஏன்னா இன்னைக்குப் பேசப்போற எல்லாமே அதுக்குள்ள இருக்கு.

ஒருத்தர்கிட்ட சாம்பல் சேவல் ஒண்ணு, சாம்பல் பெட்டை ஒண்ணு ஜோடியா வாங்கினேன். பெட்டை அவ்வளவு சாந்தம். மடியில வச்சா அப்படியே தூங்கும். பன்னெண்டு முட்டை அடை வச்சேன், இருபத்தொண்ணாம் நாள் பத்து குஞ்சு வந்துச்சு. பஞ்சாரத்தைத் தூக்கிப் பாத்தா அஞ்சு சாம்பல், மூணு கருப்பு, ரெண்டு கிட்டத்தட்ட வெள்ளை. எனக்குத் தூக்கி வாரிப்போட்டுச்சு. அப்பனும் சாம்பல், ஆத்தாளும் சாம்பல், கருப்பும் வெள்ளையும் எங்கிருந்து வந்துச்சு? பக்கத்துத் தோட்டத்துச் சேவல் வேலி தாண்டி வந்திருக்கும், பெட்டை அதோட சேர்ந்திருக்கும்னு முடிவு பண்ணிட்டேன். வம்சம் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு அந்தப் பெட்டையைச் சந்தையில கொடுத்துட்டேன். கருப்பு மூணு, வெள்ளை ரெண்டு, அதுங்களையும் சும்மா தூக்கிக் கொடுத்தேன்.

அந்தப் பெட்டை மேல எந்தத் தப்பும் இல்லைங்க. அது சுத்தமான கோழி. குஞ்சும் வரவேண்டிய மாதிரியேதான் வந்திருக்கு. எனக்குத்தான் சாம்பல்ங்கற பேருக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரியல. இப்ப நெனச்சாலும் மனசு கெடந்து அடிச்சுக்கும்.

என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். இங்கிலீஷ்காரங்க ப்ளூன்னு சொல்ற நிறம் ஒண்ணு இருக்கு. பேர்தான் நீலம், கண்ணுக்கு அது சாம்பல்தான். கருப்பை மங்க வைக்கற ஒரு குணம் அந்தக் கோழி உடம்புல இருக்கு. குஞ்சுக்கு அப்பன்கிட்ட இருந்து ஒரு பங்கு, ஆத்தாகிட்ட இருந்து ஒரு பங்கு வருதுன்னு வச்சுக்கோங்க. ஒருத்தர்கிட்ட இருந்து மட்டும் மங்க வைக்கற குணம் வந்தா சாம்பல். ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வந்தா நிறம் ரொம்பவே வெளுத்து, வெள்ளைத்துணி மேல பேனா மையை உதறின மாதிரி ஆயிடும். அதைத்தான் ஸ்ப்ளாஷ்னு சொல்றாங்க. ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வரலேன்னா கருப்பு.

அதனால ப்ளூவும் ப்ளூவும் சேந்தா நாலுல ரெண்டு சாம்பல், ஒண்ணு கருப்பு, ஒண்ணு ஸ்ப்ளாஷ். என் பத்து குஞ்சை எண்ணிப் பாருங்க, அஞ்சு, மூணு, ரெண்டு. கணக்கு ஒத்துப்போகுதா?

இதுல இன்னும் மனசை உறுத்தற விஷயம் ஒண்ணு. ஸ்பெயின்ல இருந்து போன ஆண்டலூசியன்னு ஒரு சாம்பல் கோழியை இங்கிலாந்துல ரொம்ப ஆசையா வளத்தாங்க. அவங்களும் என்னை மாதிரியே கருப்பும் ஸ்ப்ளாஷும் வந்தா கழிவுன்னு ஒதுக்கியிருக்காங்க. எவ்வளவு சலிச்சு எடுத்தாலும் மறுபடி மறுபடி வந்துக்கிட்டே இருந்திருக்கு. 1900களோட தொடக்கத்துல கேம்பிரிட்ஜ்ல பேட்சன், பன்னட்டுன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைக் குடைஞ்சு பாத்தாங்க. சாம்பலோட சாம்பலைச் சேத்தா பாதிதான் சாம்பல் வரும். கழிச்சுப் போட்ட கருப்பையும் ஸ்ப்ளாஷையும் ஜோடி சேத்தா? வர்ற குஞ்சு அத்தனையும் சாம்பல்! கழிவுன்னு தூக்கிப் போட்ட ரெண்டுலதான் மொத்தமும் இருந்திருக்கு. நான் சும்மா தூக்கிக் கொடுத்த அஞ்சு குஞ்சும் அதேதான். கருப்புல ஒரு சேவல், ஸ்ப்ளாஷ்ல ஒரு பெட்டைன்னு வச்சிருந்தாலே போதும், வேண்டிய அளவுக்குச் சாம்பல் எடுத்திருக்கலாம்.

சரி, இது ஒரு சாம்பல். இன்னொரு சாம்பல் இருக்கு, லேவண்டர். இது வேற கதை. லேவண்டரும் லேவண்டரும் சேந்தா எல்லாமே லேவண்டர்தான். ஆனா லேவண்டரைக் கருப்போட சேத்தா முதல் தலைமுறையில ஒரு குஞ்சு கூடச் சாம்பல் வராது, எல்லாம் கருப்பு. சாம்பல் உள்ளுக்குள்ள ஒளிஞ்சிருக்கும், அந்தக் கருப்புங்களை ஒண்ணோட ஒண்ணு சேத்தாத்தான் நாலுல ஒண்ணா மறுபடி வெளிய வரும். ரெண்டு சாம்பலுக்கும் கண்ணுக்கு வித்தியாசம் கொஞ்சம்தான். ப்ளூவுக்கு இறகோட ஓரத்துல கருங்கோடு ஓடியிருக்கும், கழுத்தும் தலையும் உடம்பை விட அழுத்தமா இருக்கும். லேவண்டர் தலையில இருந்து வால் வரைக்கும் ஒரே மாதிரி வெளிறின சாம்பல், அடுப்புச் சாம்பலைச் சலிச்சு வச்ச மாதிரி. குட்டியில, அதுவும் இறகு மாறற சமயத்துல, சத்தியமா எனக்கே பிரிச்சுச் சொல்ல வராது.

இப்ப நம்ம ஊருப் பேர்களுக்கு வர்றேன். இங்கதான் எனக்குப் பேச ஆசை ஜாஸ்தி.

எங்க அப்புச்சி, அம்மாவோட அப்பா, எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனா ஐம்பது கோழி மேயற இடத்துல நின்னு ஒவ்வொண்ணுக்கும் பேர் சொல்லுவார். காகம், செவலை, கீரி, செங்கீரி, கருங்கீரி, மயில், நூலான், கொக்கு வெள்ளை. கவனிச்சீங்களா, இதுல பாதிக்கு மேல வேற உசுருங்களோட பேரு. கருப்புன்னு சொல்லாம காகம்னு சொன்னாங்க. கீரிப்பிள்ளை மேல மயிர் எப்படி ஒரு நிறம்னு சொல்ல முடியாம கலந்து கெடக்கும், அந்த மாதிரி இறகு கலந்து கெடந்தா கீரி. அதுலயும் செம்மை தூக்கலா இருந்தா செங்கீரி, கருமை தூக்கலா இருந்தா கருங்கீரி. இந்தக் கீரிங்கற வார்த்தைக்கு ஈடா ஒரு வார்த்தை நான் வேற எங்கயும் பாத்ததில்லை. வரப்புல கீரி ஓடறதைப் பாத்தவனாலதான் இப்படிப் பேர் வைக்க முடியும்.

பஞ்சபட்சி சாஸ்திரம் கேள்விப்பட்டிருப்பீங்க. வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில்னு அஞ்சு பறவை. ஒவ்வொண்ணுக்கும் ஊண், நடை, அரசு, துயில், சாவுன்னு அஞ்சு தொழில். சேவக்கட்டுக்காரங்க சேவலோட நிறத்தை இந்த அஞ்சு பறவைக்குள்ள அடக்கி, எந்த நாள் எந்த நேரத்துல எதை இறக்கறதுன்னு பாத்திருக்காங்க. ஆந்திராப் பக்கமும் இதே வழக்கம்தான். அங்க கருப்பை காக்கின்னு சொல்வாங்க, அதுவும் காகம்தான். செவலையை டேகன்னு சொல்வாங்க, டேகன்னா வல்லூறு. நெமலின்னா மயில். மொழி மாறினாலும் கண்ணு மாறல பாத்தீங்களா.

நான் சேவலை மோத விடற ஆள் இல்லை, அதையும் சொல்லிடறேன். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960லயே வந்தாச்சு, சேவலை மோத விடறது குத்தம். எனக்கு அந்த ரத்தம் பாக்கவும் பிடிக்காது. ஆனா இந்தப் பேர்களையும் இந்த வம்சங்களையும் இத்தனை காலம் காப்பாத்தினது அந்த ஆளுங்கதான், அதை மறைக்க முடியாது.

இந்தப் பேரெல்லாம் தூரத்துல நின்னு ஒரே பார்வையில சேவலை அடையாளம் சொல்றதுக்காக வந்த பேர். நான் அதைக் கூப்பிடற பேர்னு சொல்லுவேன். கூப்பிடறதுக்கு அதைவிட நல்ல பேர் கெடையாது. ஆனா ஜோடி சேக்கறப்ப அந்தப் பேர் மட்டும் பத்தாது. சேக்கறதுக்கு வம்சத்தோட பேர் வேணும். காகம்னு கூப்பிடற ரெண்டு சேவலுக்குள்ள ரெண்டு வேற ரத்தம் ஓடலாம். இதைப் புரிஞ்சுக்காமதான் நான் அந்தத் தாய்க்கோழியை விட்டேன்.

பேர் ஏமாத்தறது நம்ம ஊருல மட்டும்தான்னு நெனக்காதீங்க. வடக்குல அசீல்ங்கற சண்டைக்கோழிக்கு இருக்கற பேர்களைப் பாருங்க. பீலான்னா மஞ்சள், ஆனா அந்தக் கோழி பொன் கலந்த சிவப்பு. சப்ஜான்னா பச்சைன்னு அர்த்தம், கோழியோ வெள்ளையும் பொன்னும் கலந்தது, இல்லைன்னா கருப்புல மஞ்சளோ வெள்ளியோ ஓடினது. யாகூப்னா கருப்பும் சிவப்பும். நூரின்னா வெள்ளை, நூர்ங்கறது ஒளி, அது பொருத்தமான பேரு. ஜாவாவும் கருப்புதான், காகரும் கருப்புதான். ஒரே நிறத்துக்கு ஏன் ரெண்டு பேரு? அப்ப கண்ணுக்குத் தெரியற நிறத்தை மட்டும் வச்சு அவங்களும் பேர் வைக்கலைன்னுதானே அர்த்தம்?

வெளிநாட்டுப் பேர்லயும் இதே குழப்பம் உண்டு. இப்ப நம்ம பக்கம் பிரம்மா கோழி மேல ஒரு மோகம் வந்திருக்கு இல்லையா, அதுல லைட் பிரம்மான்னு ஒண்ணு. ஒரு தம்பி என்கிட்ட, 'அண்ணா, லைட் பிரம்மான்னா எடை கம்மியா வருமா?'ன்னு கேட்டான். நியாயமான கேள்விதான். பேரைக் கேட்டா அப்படித்தானே தோணும்? எடையெல்லாம் கம்மி இல்லை தம்பி, அது நிறத்தோட பேரு. உடம்பு வெள்ளை, கழுத்துலயும் வாலுலயும் கருப்பு. கிட்டத்தட்ட இதே கோலம் வயண்டாட் கோழியில வந்தா அதுக்குப் பேரு கொலம்பியன். 1893ல சிகாகோவுல கொலம்பஸ் பேர்ல பெரிய உலகக் கண்காட்சி நடந்துச்சு, அதை வச்சு வந்த பேர் அது. சசெக்ஸ் கோழியில வந்தா மறுபடி லைட். அமெரிக்காவுல 1874லயே எந்தக் கோழி எந்த நிறத்துல இருக்கணும்னு புத்தகமே போட்டு வச்சுட்டாங்க. அப்பவும் இனத்துக்கு ஒரு பேருன்னுதான் இன்னைக்கு வரைக்கும் ஓடுது.

இப்ப செவலைக்கு வர்றேன். இதுலதான் நெறைய பேர் கோட்டை விடறாங்க.

நம்ம ஊருல சேவல் பேரை வச்சுத்தான் வம்சத்தைச் சொல்லுவோம். 'அது செவலை வம்சம்'னா சேவல் செவலைன்னு அர்த்தம். பெட்டை எப்படி இருக்கும்? அதைக் கேக்கறதே இல்லை. கழுத்தும் முதுகும் சிவந்து, நெஞ்சும் வாலும் கருத்த சேவல் ரெண்டை ஜோடியா நிக்க வச்சா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனா ஒண்ணோட கூடப்பொறந்த பெட்டை கோதுமை நிறம், நெஞ்சு வெளிறி, பழுப்பு மேலாப்ல. இன்னொண்ணோட பெட்டை காட்டுக்கோழிப் பெட்டை மாதிரி, முதுகுல பொடிப்பொடியாக் கருமை தூவி, நெஞ்சு மட்டும் செம்மண் நிறம். சேவல் ஒண்ணு போல, பெட்டை ரெண்டு வேற. அப்ப வம்சம் ரெண்டு வேற. இது தெரியாம ரெண்டையும் செவலைன்னு கலந்து விட்டா, ரெண்டு மூணு தலைமுறையில பெட்டைங்க எந்தப் பக்கமும் சேராத ஒரு மங்கலான நிறத்துல வர ஆரம்பிக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கு. குஞ்சு பொரிச்ச முதல் நாள் பாக்கணும், ரெண்டு வாரம் போச்சுன்னா இறகு மொளைச்சு மறைச்சிடும். முதுகைப் பாருங்க. அணில் முதுகு மாதிரி நீளக் கோடு ஓடியிருந்தா அது காட்டுக்கோழி வழி நிறம். கோடே இல்லாம வெண்ணெய் நிறத்துல, லேசா மஞ்சளா இருந்தா அது கோதுமை வழி. எங்க அப்புச்சி பொரிச்ச அன்னைக்கே குஞ்சைத் தூக்கி முதுகைப் பாத்துட்டு, 'இது கோட்டுக்குஞ்சு, இது மொட்டைக்குஞ்சு'ன்னு பிரிச்சு விடுவார். எதுக்குன்னு அப்ப எனக்குப் புரியல. அவருக்குக் கூப்பிடற பேரும் தெரிஞ்சிருக்கு, வம்சமும் தெரிஞ்சிருக்கு. எங்ககிட்ட வந்து சேர்ந்தது கூப்பிடற பேர் மட்டும்தான். மீதியை அவர்கிட்ட கேட்டு வாங்கி வச்சுக்கற வயசு எனக்கு அப்ப இல்லை.

இருங்க, அந்தச் செங்கீரி பஞ்சாரத்தைத் தட்டி விடப் பாக்குது... ஹேய், போ போ. ம், சரி.

குஞ்சைப் பத்திச் சொல்றப்ப இன்னொண்ணு. முழுக் கருப்பு வம்சத்துல குஞ்சு பொரிச்சா அடிவயிறும் ரெக்கை நுனியும் வெளுப்பா இருக்கும். கலப்படம்னு நெனச்சு யாரும் ஒதுக்கிடாதீங்க. கருப்புக் குஞ்சு அப்படித்தான் பொறக்கும், இறகு மாறறப்ப அந்த வெளுப்பு போயிடும். நேர்மாறா, நாலு மாசம் வரைக்கும் மைக்கருப்பா இருந்துட்டு, சேவல் ஆகற சமயத்துல கழுத்துல செம்பு எட்டிப்பாக்கற குஞ்சும் உண்டு. அது முழுக் கருப்பு இல்லை. காகம்னு சொல்லி ரெண்டு மாசக் குஞ்சை விக்கறவர் பொய் சொல்றார்னு சொல்லமாட்டேன், அந்த வயசுல அவருக்கும் தெரியாது. அதனால அப்பனையும் ஆத்தாளையும் காட்டச் சொல்லுங்க. முடிஞ்சா கூடப்பொறந்ததுங்களையும்.

கருப்புன்னாலே கடக்நாத்னு நெனக்கறதும் இப்ப அதிகமாயிடுச்சு. இறகு கருப்பு வேற, தோல் கருப்பு வேற. மத்தியப் பிரதேசத்துல ஜாபுவா பக்கம் பில், பிலாலா மக்கள் வளத்துக் காப்பாத்தின கோழி கடக்நாத். 2018ல புவிசார் குறியீடு வாங்குச்சு. அதோட தோல், கறி, எலும்பு மேல இருக்கற சவ்வு எல்லாம் கருப்பு. ஆனா இறகு கருப்பா மட்டும்தான் இருக்கணும்னு இல்லை. கழுத்துல வெள்ளி கலந்ததும் இருக்கு, பொன் கலந்ததும் இருக்கு, அதுவும் கடக்நாத்தான். சில்க்கி கோழியைப் பாருங்க, பஞ்சு மாதிரி வெள்ளையா இருக்கும், விலக்கிப் பாத்தா தோல் கருநீலம். நம்ம காகம் மைக்கருப்பா இருக்கும், இறகைப் பிரிச்சா தோல் வெளுப்புதான். அதனால கடக்நாத்னு வாங்கறப்ப வாயைத் தொறந்து பாருங்க, கொண்டையைப் பாருங்க, ரெக்கைக்கு அடியில விலக்கித் தோலைப் பாருங்க. அப்புறம், முட்டையும் கருப்பா இருக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. லேசான பழுப்பு, அவ்வளவுதான்.

தோலைப் பத்தி எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு, சொல்லாம விட மனசு வரல. நம்ம ஆளுங்க காலையும் சேத்துத்தான் பேர் சொல்லுவாங்க, மஞ்சக்கால் செவலை, கருங்கால் கீரின்னு. அந்த மஞ்சக்கால் எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? வீட்டுக்கோழிக்கு மூதாதை சிவப்புக் காட்டுக்கோழின்னு படிச்சிருப்போம். அதுக்குக் கால் மஞ்சள் கெடையாது. 2008ல ஆராய்ச்சியில என்ன தெரிஞ்சுச்சுன்னா, தோலை மஞ்சளாக்கற குணம் சாம்பல் காட்டுக்கோழிகிட்ட இருந்து வந்திருக்கு. அந்தச் சாம்பல் காட்டுக்கோழி யாரு? நம்ம மேற்குத்தொடர்ச்சி மலையில, வால்பாறை ரோட்டுல காலையில குறுக்க ஓடுதே, அதுதான்! இன்னைக்கு உலகம் பூரா மஞ்சக்கால் கோழி இருக்கு. அது ஒவ்வொண்ணுலயும் நம்ம பக்கத்துக் காட்டோட ஒரு பங்கு இருக்குன்னு நெனச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு.

புள்ளிக் கோழி பத்தி ரெண்டே வார்த்தை. கருப்பு இறகோட நுனியில வெள்ளைப்பொட்டு வச்சிருந்தா அது ஒரு வகை, வருஷா வருஷம் இறகு உதுத்து மொளைக்கறப்ப வெள்ளை கூடிக்கிட்டே போகும். வெள்ளை மேல சாம்பலும் கருப்பும் தெளிச்சிருந்தா அது முன்ன சொன்ன ஸ்ப்ளாஷ். ரெண்டையும் புள்ளின்னுதான் சொல்றோம். முதல் வகைக்குக் கருப்பைச் சேத்தா எல்லாம் கருப்பா வரும், ரெண்டாவதுக்குக் கருப்பைச் சேத்தா எல்லாம் சாம்பலா வரும்.

வரிவரியா இருக்கற கோழியில பல வம்சத்துல சேவலும் பெட்டையும் ஒரே நிறத்துல வராது. அந்த வரிக்குணம் சேவலுக்கு ரெண்டு பங்கு கெடைக்கும், பெட்டைக்கு ஒரு பங்குதான். அதனால அந்த வம்சத்துல சேவல் பெட்டையை விட வெளிறித் தெரியும். சேவல் வெளுத்துப்போச்சு, கலப்புன்னு சொல்லி விலையைக் குறைக்கறவங்க இருக்காங்க. ஏமாந்துடாதீங்க.

நான் இப்ப செய்யறது ஒண்ணுதான். ஒவ்வொரு கோழிக்கும் நோட்டுல ஒரு பக்கம். மேல கூப்பிடற பேர், அப்புச்சி வச்ச மாதிரியே. காகம்னா காகம், கீரின்னா கீரி, அதை மாத்த மாட்டேன். கீழ அப்பன் யாரு, ஆத்தா யாரு, பொரிச்ச அன்னைக்கு முதுகுல கோடு இருந்துச்சா இல்லையா, கால் என்ன நிறம், யாரோட சேந்து என்ன என்ன குஞ்சு வந்துச்சு. விக்கறப்ப அந்தப் பக்கத்தையும் போட்டோ எடுத்துக் கொடுத்துடறேன். வாங்கறவங்க பேரை எப்படி வேணா மாத்திக்கட்டும், பக்கம் அவங்ககிட்ட இருக்கும்.

இப்ப கையில இருக்கற இந்தச் சாம்பல் வெடைக்கு வர்றேன். கொடுத்த நண்பருக்கு இது ப்ளூவா லேவண்டரான்னு தெரியல. குட்டியாத்தான் வந்துச்சு, ஆத்தாளைப் பாக்க முடியல. இதோட அக்காப் பெட்டை ஒண்ணும் கூடவே வந்துச்சு, அது முட்டைக்கு வந்தாச்சு. அதை என்னோட காகச் சேவல்கூட மட்டும் தனியாப் போட்டேன். அந்தச் சேவல் மூணு வருஷமா கருப்புப் பெட்டைங்களோட கருப்புக் குஞ்சைத் தவிர வேற எதுவும் கொடுத்ததில்லை, நோட்டுல இருக்கு. வேற சேவலோட வாசனை கூட இருக்கக்கூடாதுன்னு மூணு வாரம் பெட்டையைத் தனியா வச்சுட்டு அப்புறம்தான் சேத்தேன். குஞ்சு எல்லாமே கருப்பா வந்தா ஆத்தா லேவண்டர். பாதி சாம்பல், பாதி கருப்புன்னு வந்தா அநேகமா ப்ளூ.

அதோ, அந்த மூலையில கூடையில உக்காந்திருக்கா பாருங்க. பதினொரு முட்டை. ஏழாம் நாள் வெளிச்சம் பிடிச்சுப் பாத்ததுல ரெண்டு கூமுட்டை, எடுத்துட்டேன். இன்னைக்குப் பதினாலாவது நாள். பொரிக்கற அன்னைக்குக் கேமராவைக் கூடை பக்கத்துலயே வச்சுட்டு உக்காந்திருப்பேன். எந்த நிறம் வந்தாலும் ஒண்ணைக்கூட வெளிய கொடுக்கறதா இல்லை.